ஜன்னலடிக்குப் போட்ட துண்டு

எங்கள் ஊரில் மத்தியானம் ஒரு மணி ஆனால் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது பிடிபடுவதே இல்லை. செருப்பு வாங்க வந்தவர்கள் மூடிய கடை முன்னால் நின்றுகொண்டு, யாரோ செத்துப்போய்விட்டார்களோ என்று அக்கம்பக்கம் விசாரிப்பார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன பழக்கம் என்கிறார்கள். எவன் விட்டுப் போனால் என்ன, நல்ல பழக்கம். நான் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்த காலம் முழுக்க, ஊரே தூங்கும்போது நான் மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு டைப் அடிக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலோடுதான் இருந்தேன். ஓய்வு பெற்ற அன்று மாலையும் கையுமாக வீட்டுக்கு வந்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இனிமேல் மத்தியானம் என்னுடையது.

உப்பளம் என்கிற இடத்தில் எங்கள் வீடு. பழைய துறைமுகம் பக்கம். கூடத்தின் கிழக்குச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல். வெயில் காலத்தில் காலையெல்லாம் மேல்காற்று அனலாக வீசும். சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்கு அது பட்டென்று நின்றுபோகும். கொஞ்ச நேரம் ஒன்றுமே அசையாது. பிறகு கடல்காற்று வரும். முதலில் ஜன்னல் கொக்கி லேசாக ஆடும். அப்புறம் காலண்டர் தாள் படபடக்கும். அப்புறம், ஜன்னலுக்கு நேராகத் தலை வைத்துத் தரையில் படுத்திருப்பவரின் நெற்றியில் வந்து இறங்கும். ஓர் ஆள் அகலத்துக்குத்தான் அந்தக் காற்று. இந்தப் பக்கமும் புழுக்கம், அந்தப் பக்கமும் புழுக்கம். அந்த ஓர் ஆள் இடத்துக்கு எங்கள் வீட்டில் ஜன்னலடி என்று பெயர்.

நானும் என் தங்கச்சியும் அந்த ஜன்னலடிக்கு அடித்துக்கொண்டே வளர்ந்தோம். அடித்துக்கொண்டு என்றால் சத்தமில்லாமல். அதுதான் விசேஷம். அப்பா மத்தியானத்தில் துறைமுக வேலையில் இருப்பார். அம்மா விடியலுக்கு முன்பே எழுந்து பாடுபடுகிறவள். அந்த இரண்டு மணி நேரத் தூக்கம் அவளுக்குச் சாமி. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "இனிமே எவ வாயாவது தொறந்துச்சு, ரெண்டு பேரும் வெயில்ல போய் நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் படுப்பாள். அவ்வளவுதான். "கொஞ்சம் நகருடி" என்று கேட்க முடியாது. "நேத்திக்கு நீ, இன்னிக்கு நான்" என்று நியாயம் பேச முடியாது. வாய் இல்லாமல் என்ன செய்ய முடியுமோ அதைத்தான் செய்ய வேண்டும்.

துண்டு போடுவது ஒன்று. பஸ் ஜன்னல் வழியாக சீட்டுக்குத் துண்டு போடுகிறார்களே, அதே வேலை. சோற்றுக்கு உட்காரும் முன்பே ஜன்னலடியில் நம் துண்டு கிடக்க வேண்டும். முந்திக்கொள்வது இன்னொன்று. பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு ஓடுவது. இடம் கிடைக்கும், வயிறு காயும். தங்கச்சிக்கு ஐஸ் வைப்பது நன்றாக வரும். காலையிலேயே என் தலையை வாரிவிட்டு, "உன் முடி மாதிரி யாருக்குக்கா வரும்" என்பாள். "எதுக்குடி இப்ப அடி போடுற?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லியே" என்று கண்ணை உருட்டுவாள். ராட்சசி.

இதெல்லாம் ஊருக்கே தெரிந்த வித்தைகள். எங்கள் வீட்டுக்கு மட்டுமே சொந்தமான ஒன்று இருந்தது. உருளுவது. ஜன்னலடியைப் பிடித்தவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். தூங்குவதுபோலவே மூச்சு விட வேண்டும். தூக்கத்தில் புரள்வதுபோலவே புரண்டு, முழங்காலை லேசாக முட்டுக்கொடுத்து, விரல் கடை விரல் கடையாக அவளை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். அவளும் தூங்குவதுபோலவே எதிர்த்துத் தள்ளுவாள். கண் திறந்தால் தோல்வி. சிரித்தால் தோல்வி. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் இடம் காலி. இப்படித் தள்ளித் தள்ளியே இரண்டு பேரும் நிஜமாகத் தூங்கிப்போவோம். யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமலே எழுந்த நாட்கள்தான் நிறைய.

இப்படி வளர்ந்ததில் ஒன்று நடந்தது. எங்களுக்கு வேண்டியதை நேராகக் கேட்கவே தெரியாமல் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால், நம் பேச்சிலும் கேட்காமல் அடைவதற்குத்தான் எத்தனை வார்த்தைகள். சுற்றி வளைத்துப் பேசி வழி பண்ணிக்கொண்டால் அடி போடுவது. எதிராளியின் மனசை லேசாக இழுத்துப் பார்த்தால் நூல் விடுவது. அதையே பயத்தோடு செய்தால் ஆழம் பார்ப்பது. பின்னால் இழுத்துக்கொள்ளலாம் என்று இப்போதே ஒன்றை மாட்டிவைத்தால் கொக்கி போடுவது. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் செய்தால் காய் நகர்த்துவது. நேராகக் கேட்பதற்கு மட்டும் கேட்பது என்று ஒரு மொட்டைச் சொல். மத்தியானங்களில் பாதித் தூக்கத்தில் இந்த வார்த்தைகளை உருட்டிக்கொண்டே படுத்திருப்பேன். நூல் விடுவது என்று நினைத்தால் ஜன்னலுக்கு வெளியே ஒரு பட்டம் போகும். ஆழம் பார்ப்பது என்று நினைத்தால் துறைமுகப் பாலத்துக்கு அடியில் பச்சைத் தண்ணீர் தெரியும். அப்புறம் எது வார்த்தை, எது கனவு என்று தெரியாது. எழுந்தால் காபி நேரமாகியிருக்கும்.

ஜன்னலடிக்கு விதிவிலக்கு ஒன்று இருந்தது. காரைக்காலிலிருந்து மாமா வருவார். அம்மா பெட்டியிலிருந்து சலவைத் தலையணை உறையை எடுத்துப் போட்டு, "மாமாவுக்கு ஜன்னலடிய விட்டுடுங்க" என்பாள். நாங்கள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்ப் படுப்போம். மாமாவோடு யாரும் மல்லுக்கு நிற்க மாட்டோம். மாமா குறட்டை விட்டுத் தூங்கிவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விடுவார். மறுநாள் எங்கள் சண்டை பழையபடி ஆரம்பிக்கும்.

தங்கச்சிக்கு பிரெஞ்சு குடியுரிமை உள்ள மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணம் ஆன கையோடு பிரான்ஸுக்கு விமானம் ஏறினாள். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை; அது தனிக் கதை, பெரிய கதையும் இல்லை. அப்பா போனார், அம்மா போனாள், ஜன்னலடி போட்டியில்லாமல் எனக்கே வந்தது. போட்டியில்லாமல் வந்தால் அதில் என்ன ருசி? இருந்தாலும் படுத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கச்சியின் வீட்டுக்காரர் போய்விட்டார். பையன் வேறு ஊரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். போன குளிர்காலத்தில் ஒரு நாள் அவள் என்னிடம் போனில் சொன்னாள்.

"இங்க சாயங்காலத்துக்குள்ளயே இருட்டிடுதுக்கா. மத்தியானம் படுத்தா தூக்கமே வர்றதில்ல. சும்மா கூரையப் பாத்துக்கினு கெடக்கறேன்."

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். இவள் இங்கே வந்து இருந்துவிட வேண்டும். எனக்கு அவள் வேண்டும். அவள் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இங்கே தங்கலாம், சட்டப்படி ஒரு தடையும் இல்லை. தடை என்றால் ஒன்றுதான். யார் கேட்பது?

ஜூலையில் வந்தாள். பிரான்ஸ் வாழ் தமிழர்கள் எல்லாம் விடுமுறைக்கு வருகிற மாதம், வக்கான்ஸ் என்பார்கள். தலை முழுக்க நரை, சாயம் அடிக்கவில்லை. பெட்டியை வைத்ததும் நேராகக் கூடத்துக்குப் போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அதற்குத்தான் காத்திருந்தேன். சலவை உறை போட்ட தலையணை, புதுப் பாய், அதன் மேல் மெல்லிய மெத்தை, எல்லாம் ஜன்னலடியில் தயார். என் படுக்கையைச் சுவரோரம் தள்ளிவிட்டிருந்தேன்.

"நீ இங்க படுடி. இனிமே இது உனக்குத்தான்" என்றேன். இதைவிடப் பெரிய காயை ஒருத்தி நகர்த்த முடியுமா? என் ராஜ்ஜியத்தையே தூக்கிக் கொடுத்தேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மெர்சிக்கா" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள். அப்புறம் முகம் கழுவப் போய்விட்டாள்.

நானும் விடவில்லை. தினமும் மார்க்கெட்டுக்கு ஓடினேன். ஒரு நாள் சுறாப்புட்டு, ஒரு நாள் நெத்திலி வறுவல், ஒரு நாள் வஞ்சிரக் குழம்பு. வாய் ருசியில் வளைத்துப் போட்டுவிடலாம் என்று கணக்கு. அவள் நன்றாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, "எதுக்குக்கா இவ்ளோ சிரமப்படுற" என்பாள். "இதுல இன்னா சிரமம்" என்பேன். அவள் தட்டைக் கழுவ எடுப்பாள். தட்டை நான் பிடுங்கிவிடுவேன்.

மளிகைக் கடைக்காரர் அவளைப் பார்த்துவிட்டு, "வக்கான்சா தங்கச்சி?" என்று கேட்டார்.  அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "ஆமாங்க, வக்கான்ஸ்தான்" என்றாள். இப்போது நினைத்தால் அந்த வெங்காயத்தை என் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் வண்டிகள் போகத் தடை போட்ட பிறகு கடற்கரை ரோட்டில் நடந்துவிட்டுக் கல்லில் உட்காருவோம். அலை பாறையில் மோதும் சத்தத்தில் எனக்குத் தைரியம் வரும். அங்கேதான் அடி போட ஆரம்பித்தேன்.

"முதலியார்பேட்டையில ஒரு அம்மா, பிரான்ஸ்ல இருந்து வந்தவங்க. திரும்பிப் போவல. இங்கயே இருந்துட்டாங்க" என்றேன். அப்படி ஒரு அம்மா இல்லவே இல்லை.

"அப்படியா?" தங்கச்சி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யார் வீட்ல இருக்காங்க?"

ஐயோ, மீன் கடிக்கிறது என்று நினைத்தேன். பயப்படாதே, இங்கே இருப்பது சுலபம் என்று காட்ட வேண்டுமே. "தனியாத்தான். யாருக்கும் தொந்தரவு இல்லாம, ஒரு வீடு எடுத்துக்கினு, ஜம்முனு இருக்காங்க."

"ஓ" என்றாள். கடலைப் பார்த்தாள். "யாருக்கும் தொந்தரவு இல்லாம இருந்தா நல்லதுதான்."

அதன் பிறகு அவள் அந்த அம்மாவைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இன்னொரு நாள் மத்தியானம், ஜன்னலடியில் படுத்துக்கொண்டு கண்ணை மூடியபடியே சொன்னாள். "இங்க நல்லாத் தூக்கம் வருதுக்கா. படுத்த ஒடனே வருது."

அது நூல். எனக்காக விட்ட நூல். அவளும் அதே வீட்டில் வளர்ந்தவள்தானே! நான் என்ன செய்தேன் தெரியுமா? பாசம் பொங்கி வழிய, "தூங்குடி. போற வரைக்குமாச்சும் நிம்மதியாத் தூங்கு" என்றேன். ஆகஸ்டில், அவள் டிக்கெட்டை மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்வாளோ என்று ஆழம் பார்க்க, "டிக்கெட் என்னிக்குடி?" என்றும் கேட்டேன். அவள் தேதியைச் சொன்னாள். "கார் சொல்லிடட்டுமா?" என்றேன். வேண்டாம் என்பாள் என்ற நப்பாசை. "சொல்லிடுக்கா" என்றாள். சொல்லிவிட்டேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற கார்க்காரர், நாலு மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். ராத்திரி சென்னையில் விமானம்.

போகிற நாளும் வந்தது. பெட்டிகள் வாசலோரம் நின்றன. கடைசியாக ஒரு சுறாப்புட்டு கிளறிக்கொண்டிருந்தேன். தங்கச்சி கூடத்தில் பையனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவர் அப்படி.

"இல்லப்பா, பெரியம்மா நல்லாத்தான் பாத்துக்கினாங்க. ஒரு தட்டு கழுவ விடல. ஜன்னலடியிலதான் படுக்கை, வந்த நாள்லேர்ந்து. ஒரு நாள்கூட சண்டைக்கே வர்ல." பையன் என்னவோ கேட்டான் போலிருக்கிறது. "எங்க காரைக்கால் மாமாவப் பத்திச் சொல்லியிருக்கேனே? அவர் மாதிரி. ஆமா, விருந்தாளிதான். இங்க இனிமே அப்படித்தான்."

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. புட்டு அடி பிடிக்கிற வாசனை வந்தும் எனக்குக் கை ஓடவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஞாபகம் வந்தது. அன்று நான்தான் ஜன்னலடியில் துண்டு போட்டிருந்தேன். அம்மா அதை எடுத்து என் கையில் கொடுத்து, "இன்னிக்கு அவளுக்கு விடுடி, போவப் போற பொண்ணு" என்றாள். தங்கச்சி அங்கே படுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, சாயங்காலம் வரை அழுதாள். முன்பின் தெரியாத ஊர், பயம் என்று நினைத்துக்கொண்டோம். இடத்தைக் கையில் கொடுத்து, மாமாவைப் போல விருந்தாளியாக்கி அனுப்பிவிட்டோம் என்று எங்களுக்கு யாருக்குமே உறைக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவள் மேல், என் மேல், தூங்குகிறபோது பேசக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டுச் செத்துப்போன அம்மா மேல். இத்தனை நாள் மீனை வறுத்துக் கொட்டியது எதற்கு? வழியனுப்பவா? அடிப்பாவி, உன்னை இருத்திவைக்க நான் நகர்த்திய ஒவ்வொரு காயும் உன்னை வாசலுக்குத் தள்ளியிருக்கிறதே!

சாப்பிட்டோம். புட்டில் அடிப்பிடித்த வாசனை. அவள் அதையும் வழித்துச் சாப்பிட்டாள். அவள் கை கழுவி வருவதற்குள் நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். என் பழைய துண்டை ஜன்னலடியில் அவள் மெத்தை மேல் விரித்தேன். முட்டி மடங்க மாட்டேன் என்றது; சுவரைப் பிடித்து, "அம்மாடி" என்று இறங்கி, நடு நாயகமாகப் படுத்து, சலவைத் தலையணையைத் தலைக்குக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் காலடிச் சத்தம் வந்து நின்றது.

"அக்கா."

நான் மூச்சை இழுத்து விட்டேன். தூங்குகிறவளிடம் என்ன பேச்சு?

"அக்கா, அது என் எடம்."

"பேர் எழுதியிருக்கா?" என்றேன், கண்ணைத் திறக்காமல். "அம்பது வருஷமா என் எடம். துண்டு போட்டிருக்குது, தெரியல?"

 மேல்காற்று நின்றுபோயிருந்தது. தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. போய்விட்டாளோ, பெட்டிப் பக்கம் நிற்கிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். கண்ணைத் திறந்து பார்த்துவிடலாம்தான். திறந்தால் தோல்வி. பிறகு அவள் முட்டியும் மடங்க மறுப்பது கேட்டது. "ஸ்ஸ்" என்று முனகிக்கொண்டு என் பக்கத்தில் படுத்தாள். அவள் மூச்சு மெதுவாக, நீளமாக, தூங்குவதுபோலவே வந்தது.

ஜன்னல் கொக்கி ஆடியது. காலண்டர் தாள் படபடத்தது. என் நெற்றியில் காற்று வந்து இறங்கிய அதே நேரம், என் விலாவில் ஒரு முழங்கால் வந்து முட்டியது.

தூக்கத்தில் புரள்கிறவள் மாதிரி நானும் இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினேன். அவள் முழங்கையைக் கொடுத்தாள். கிழவிக்கு இன்னும் என்ன பலம்! நான் தோளைக் கொடுத்தேன். அவள் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் கண்ணை மட்டும் அவள் திறக்கவில்லை என்று தெரியும். விரல் கடை விரல் கடையாக, என் காற்றைத் திருடிக்கொண்டே வந்தாள். எங்கேயோ கோவில் மணி கேட்டது, அல்லது கனவில் கேட்டது. நான் சின்னவளானேன், மறுபடி கிழவியானேன், நடுவில் அம்மா சமையலறைப் பக்கத்திலிருந்து "சத்தம் வரக் கூடாது" என்றாள்.

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

நான் அசையவில்லை. எழுந்தால் இடம் போய்விடும். அவளும் அசையவில்லை. மறுபடி ஹாரன். கதவு தட்டும் சத்தம். பிறகு கார்க்காரர் ஜன்னல் பக்கமே வந்து, கம்பி வழியாக எட்டிப் பார்த்திருக்க வேண்டும். குரல் எங்கள் தலைக்கு மேலேயே கேட்டது.

"அக்கா! கார் வந்துடுச்சு! நேரமாச்சு, தூங்கிட்டீங்களா?"

 என் விலாவில் முழங்கை இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

"எங்க வீட்ல இந்நேரத்துல யாரும் எழுந்திருக்க மாட்டாங்கப்பா" என்றாள் தங்கச்சி, கண்ணை மூடியபடியே. "நீ போய்ட்டு வா."

கார் கிளம்பிப் போகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. கையை எடுத்தால் அந்த இடத்தையும் அவள் பிடித்துவிடுவாள்.